கிணற்று ஜாடியும் இரண்டு சாட்சிகளும்



சென்ற பொதுக்குழுக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். பணி ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் ஒரு மாடிக் குடித்தனத்தைச் சோதனை போடப் போலீஸ் வந்திருக்கிறது. வந்தவர்கள் இவர் வீட்டு மணியை அடித்து, "சார், சாட்சிக்குக் கொஞ்சம் வந்து நில்லுங்க, மகஜர்ல ஒரு கையெழுத்து போட்டாப் போதும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து இவர் மனைவி, "நமக்கெதுக்குங்க வம்பு? அப்புறம் கோர்ட்டு, கேசுன்னு அலையணும்" என்று சொல்ல, முட்டி வலி என்று காரணம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு மனசு உறுத்துகிறது. "போயிருக்கணுமா? போகாதது தப்பா?" என்றுதான் கேட்டார்.

நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன் என்றேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், போலீஸ் ஏன் நம்மைக் கூப்பிடுகிறது, நாம் போய் நிற்பதால் யாருக்கு என்ன லாபம் என்பது தெளிவாகும்.

கல்கத்தாவில் ஒரு விடியற்காலை

கதை தொடங்குவது புதுச்சேரியில் அல்ல, கல்கத்தாவில். 1908 மே 2, விடியற்காலை. கிரே தெருவில் அரவிந்தர் தங்கியிருந்த வீட்டுக்குள் போலீஸ் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்தது. வெடிகுண்டு வழக்கு ஒன்றில் அவர்மீது சந்தேகம். வாரண்டைக் காட்டினார்கள். கையில் விலங்கு பூட்டி, இடுப்பில் கயிறும் கட்டினார்கள். அறையிலிருந்த புத்தகம், காகிதம், கடிதம் எல்லாவற்றையும் அள்ளினார்கள்.

அந்த அறையில் ஒரு சிறிய பெட்டியில் தட்சிணேசுவரத்து மண் இருந்தது. இராமகிருஷ்ண பரமஹம்சர் வாழ்ந்த இடத்து மண் என்பதால் பத்திரமாக வைத்திருந்தார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகளில் ஒருவருக்கு அது வெடிமருந்தாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. பிற்பாடு அரவிந்தர் தன் சிறை அனுபவங்களை எழுதியபோது இதைச் சிரிப்போடு நினைவுகூர்ந்தார்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று உண்டு. அவர் தன் மனைவி மிருணாளினிக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்களையும் போலீஸ் எடுத்துப் போனது. கணவன் மனைவிக்கு எழுதிய வரிகள் அலிப்பூர் வழக்கில் அரசுத் தரப்புச் சான்றாக நீதிமன்றத்தில் படிக்கப்பட்டன. ஓராண்டு சிறையில் இருந்தபின், 1909 மே மாதம் அவர் விடுதலையானார். ஆனால் ஊரெல்லாம் படித்துவிட்ட கடிதம் மறுபடி அந்தரங்கம் ஆகுமா? சோதனை என்பது பொருளை மட்டும் எடுத்துப் போவதில்லை என்பதற்கு இது ஒரு உதாரணம்.

அடுத்த ஆண்டு, 1910 ஏப்ரல் 4 அன்று, அவர் நம் ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கினார்.

ஐந்து கையெழுத்து

அப்போது புதுச்சேரி பிரெஞ்சு நாட்டின் ஆளுகையில் இருந்தது. பிரிட்டிஷ் போலீஸ் இங்கே வந்து யாரையும் கைது செய்ய முடியாது. யார் வீட்டையும் தன் இஷ்டத்துக்குச் சோதனை போட முடியாது. 1908-இலேயே பாரதியார் இங்கு வந்துவிட்டார். சென்னையில் 'இந்தியா' பத்திரிகை வழக்கில் சிக்கியபின் அந்தப் பத்திரிகையும் இங்கிருந்து வெளிவந்தது. 1910-இல் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் இங்கேதான் இருந்தார்.

கைது செய்ய முடியாவிட்டாலும் கண்காணிக்க முடியும் அல்லவா? பிரிட்டிஷ் அரசு ஒற்றர்களை அனுப்பி, இங்கேயே வீடு பிடித்துத் தங்கவைத்தது. யார் வருகிறார், யார் போகிறார், தபாலில் என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நெருக்கடி பல மடங்கு கூடியது. புதுச்சேரியில் இருப்பவர்கள்தான் தூண்டினார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு சந்தேகப்பட்டது. பிரெஞ்சு அரசை நெருக்கியது.

அந்த நெருக்கடியில் இங்கு ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் நற்சான்று கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். அந்த நாளில் தேசபக்தருக்குக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயம் இல்லை. போட்டவர் பெயரும் ஒற்றர்களின் குறிப்பேட்டில் ஏறும். அரவிந்தரை முதலில் தன் வீட்டில் தங்கவைத்த கலவை சங்கரச் செட்டியார் தானும் கையெழுத்திட்டு, மற்றவர்களிடமும் வாங்கிக் கொடுத்தார். ஐந்து பேர் துணிந்ததால் அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள்.

கிணற்றில் ஒரு ஜாடி

1912 வாக்கில் நடந்தது இது. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்தபோது, வாளியோடு ஒரு ஜாடி மேலே வந்தது. மூடி இறுக்கி அடைத்திருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே காளி படம், வங்காளி எழுத்தில் காகிதங்கள், சதிவேலைக்குச் சான்று போலத் தோன்றும் எழுத்துகள். யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது, அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்பதே. நண்பர்கள் கலந்து பேசினார்கள். பாரதியார் அரவிந்தரிடம் போய் யோசனை கேட்டார். போலீசுக்கு நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். பிரெஞ்சுப் போலீஸ் வந்து ஜாடியை எடுத்துப் போனது.

இதற்கிடையில் மயூரேசன் என்பவர், இந்த தேசபக்தர்கள் சதி செய்கிறார்கள், அவர்கள் வீடுகளிலும் கிணறுகளிலும் தேடினால் சான்று அகப்படும் என்று புகார் கொடுத்திருந்தார். புகார் வந்தால் விசாரித்தாக வேண்டும். நந்தோ என்ற புலனாய்வு நீதிபதி, போலீஸ் அதிகாரிகளோடு சோதனைக்குக் கிளம்பினார். பிரெஞ்சு முறையில் பெரிய வழக்குகளைப் புலன் விசாரிப்பதே ஒரு நீதிபதியின் வேலை. போலீஸ் அவருக்குக் கீழே நின்று செய்யும்.

அரவிந்தர் வீட்டுக்கும் வந்தார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள். மேசை இழுப்பறைகளைப் பார்த்தார்கள். சதிக் காகிதத்தைத் தேடி வந்த நீதிபதியின் கையில் கிரேக்க மொழிப் புத்தகமும் லத்தீன் புத்தகமும் அகப்பட்டன. கிரேக்கமும் லத்தீனும் கற்ற ஒரு மனிதர் இந்தத் தெருவில் இருக்கிறாரா என்று அவர் வியந்துபோனார். மரியாதையாகப் பேசிவிட்டு, தன்னை வந்து பார்க்கும்படி அழைத்துவிட்டுப் போனார். வழக்கு அதோடு முடிந்தது. பொய்ப் புகார் கொடுத்த சிக்கல் மயூரேசன் மேலேயே திரும்பியது. அவர் எல்லை தாண்டிப் பிரிட்டிஷ் பகுதிக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் கிரேக்கம், லத்தீனோடு நிறுத்திவிடுவார்கள். அப்படிப் பார்த்தால், லத்தீன் தெரியாத ஏழை ஒருவர் வீட்டுக் கிணற்றில் அதே ஜாடி கிடந்திருந்தால் அவர் கதி என்ன என்ற கேள்வி வரும். அவரைக் காப்பாற்ற எது இருந்திருக்கும்? அங்கேதான் சட்டம் வருகிறது.

பிரெஞ்சுச் சட்டம் என்ன சொன்னது?

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1799-இல் வந்த அரசியலமைப்பில் 76-ஆம் விதி ஒன்று இருந்தது. பிரெஞ்சு மண்ணில் குடியிருக்கும் எவருடைய வீடும் யாரும் மீற முடியாத புகலிடம் என்றது அது. இரவில் தீ, வெள்ளம், வீட்டுக்குள்ளிருந்து வரும் கூக்குரல் ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டுமே அடுத்தவர் நுழையலாம். பகலில் என்றால் சட்டம் சொன்ன காரியத்துக்காகவோ அதிகாரம் பெற்ற உத்தரவின் பேரிலோ மட்டும் நுழையலாம். அந்த அரசியலமைப்பு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் இரவில் வீடு புகக்கூடாது என்ற விதி பிரெஞ்சுச் சட்டத்தில் நிலைத்துவிட்டது. 1810-இல் வந்த தண்டனைச் சட்டம், சட்டமுறையை மீறி ஒரு வீட்டுக்குள் நுழையும் அதிகாரியைத் தண்டிக்க வழி செய்தது.

1808-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டத்தில் இன்னும் நுணுக்கமான விதிகள் இருந்தன. சோதனையைக் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் செய்ய வேண்டும். எடுத்த பொருளை அவரிடம் காட்ட வேண்டும். கட்டி முத்திரை வைக்க வேண்டும். நடந்ததை அங்கேயே எழுத வேண்டும். அரசு வழக்கறிஞர் எழுதும் அந்தக் குறிப்பில் போலீஸ் அதிகாரியோ மேயரோ கையெழுத்திட வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அந்த ஊரில் குடியிருக்கும் இரண்டு பேர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

அந்த இரண்டு பேரை நினைவில் வையுங்கள். அவர்கள் மறுபடி வருவார்கள்.

பிரெஞ்சு ஆட்சியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இதே ஆட்சியில்தான் 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். காகிதத்தில் நல்ல விதி இருப்பதும் அது எல்லோருக்கும் கிடைப்பதும் வேறு வேறு. ஆனால் விதி காகிதத்திலாவது இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

எல்லைக்கு அந்தப்புறம்

பிரிட்டிஷ் இந்தியாவில் என்ன நிலை? இங்கிலாந்தில் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1762-இல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டை அரசரின் ஆட்கள் ஒரு மந்திரியின் ஆணையோடு உடைத்துத் திறந்து, 4 மணி நேரம் துழாவி, காகிதங்களை அள்ளிப் போனார்கள். அவர் வழக்குப் போட்டார். 1765-இல் தீர்ப்பு வந்தது. இப்படிச் சோதனை போட எந்தச் சட்டம் அனுமதி தந்தது என்று காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால் இது அத்துமீறல் என்றார் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு. அமெரிக்கா விடுதலை பெற்றபின், 1791-இல் இதையே தன் அரசியலமைப்பின் நான்காம் திருத்தமாக எழுதிவைத்தது. நியாயமற்ற சோதனையிலிருந்தும் கைப்பற்றலிலிருந்தும் உடலும் வீடும் காகிதமும் உடைமையும் காக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார் இதை உரிமையாக இங்கே தரவில்லை. ஆனால் நடைமுறை விதியாகக் கொஞ்சம் தந்தார்கள். 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் 103-ஆம் பிரிவில், சோதனை நடக்கும் பகுதியில் குடியிருக்கும் மதிப்புள்ள இரண்டு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ சாட்சியாக அழைத்து வைத்துக்கொண்டுதான் சோதனை போட வேண்டும் என்றது. எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாரிசில் எழுதிய சட்டமும் கல்கத்தாவில் எழுதிய சட்டமும் ஒரே இடத்துக்கு வந்து நின்றதைப் பாருங்கள். வீட்டுக்காரரும் போலீசும் அல்லாத இரண்டு அக்கம்பக்கத்தார்!

'மகஜர்' என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது. அரபியிலிருந்து வந்த சொல் அது. அதன் வேர்ப்பொருள் 'முன்னிலை'. நாலு பேர் முன்னிலையில் எழுதிய காகிதம்தான் மகஜர்.

ஆனால் விதி ஒருபுறம் இருக்க, அரசுக்குத் தேவைப்பட்டபோது தனிச் சட்டங்கள் வந்தன. 1910-இன் அச்சகச் சட்டம் புத்தகங்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைத் தந்தது. பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்களை அரசு தடை செய்தது. பத்தாண்டு இங்கே வாழ்ந்த பாரதியார் 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். சில மைல் தூரத்தில் சட்டம் மாறிவிட்டது. அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆனபின், 1928-இல், அவருடைய பாடல் புத்தகங்களைச் சென்னையில் போலீஸ் கைப்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். எழுதியவரே இல்லாதபோதும் பறிமுதல் ஓயவில்லை.

எழுதாமல் விட்ட ஒரு வரி

இவ்வளவு அனுபவப்பட்ட நம் தலைவர்கள், அரசியலமைப்பை எழுதும்போது இதை மறந்திருப்பார்களா? மறக்கவில்லை. 1947-இல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவின் வரைவில் நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பு இருந்தது. புலன் விசாரணைக்கு இடைஞ்சலாகும் என்று அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் ஆட்சேபித்தார்கள். அது நீங்கியது. 1948 டிசம்பரில் காசி சையது கரீமுதீன் என்ற உறுப்பினர் அதைத் திருத்தமாக மறுபடி கொண்டுவந்தார். இந்தப் பாதுகாப்பு குற்ற விசாரணைச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனாலும் சட்டமன்றம் கை வைக்க முடியாத இடத்தில் இருப்பது நல்லதுதான் என்ற கருத்தில் அம்பேத்கர் பேசினார். கடைசியில் திருத்தம் நிறைவேறவில்லை.

அந்த ஒரு வரி இல்லாததன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. டால்மியா நிறுவனங்களில் நடந்த சோதனைகள் பற்றிய வழக்கில், 1954 மார்ச் 15 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். எம்.பி. சர்மா வழக்கு என்று பெயர். அமெரிக்க நான்காம் திருத்தம் போன்ற ஒன்று நம் அரசியலமைப்பில் இல்லை, இல்லாததை நாங்களாகக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டுதான் நம் ஊர் இந்தியாவோடு இணைந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு, நவம்பர் 1 அன்று நிர்வாக மாற்றம். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்ற விசாரணை முறைச் சட்டமும் 1963 அக்டோபர் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தன. வீடு மீற முடியாத புகலிடம் என்று எழுதிவைத்த ஒரு சட்ட மரபிலிருந்து, அந்த வரியை எழுதாமல் விட்ட இன்னொரு சட்ட மரபுக்குள் புதுச்சேரி வந்து சேர்ந்தது. விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் அன்று இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

நல்லவேளையாக, எழுதாத வரியை நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கின. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் சான்று இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். அப்படியும் போலீஸ் அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, நடுராத்திரியில் கதவைத் தட்டி, வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளுக்கு இடம் தந்த விதியை ரத்து செய்தது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. நீதிபதி சுப்பாராவ் மட்டும் ஒரு சக நீதிபதியோடு மாறுபட்டு, அதுவும் சுதந்திரத்தின் பகுதிதான் என்றார்.

அவர் சொன்னது சட்டமாக 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். எம்.பி. சர்மா, கரக் சிங் தீர்ப்புகளில் இதற்கு மாறாகச் சொன்ன பகுதிகள் செல்லாது என்றும் சொன்னார்கள்.

இன்று உங்கள் வாசலில்

இப்போது நடைமுறைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. சோதனை பற்றி அது சொல்வதை எளிமையாகத் தருகிறேன்.

பொதுவாகச் சோதனைக்கு மாஜிஸ்திரேட் தரும் வாரண்ட் வேண்டும். தாமதித்தால் பொருள் கைநழுவும் என்று நம்பக் காரணம் இருந்தால், விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம். ஆனால் என்ன காரணம், எதைத் தேடுகிறார் என்பதை முதலில் எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அவருக்கும் இலவசமாக நகல் தர வேண்டும். இது 185-ஆம் பிரிவு.

அந்தப் பகுதியில் குடியிருக்கும், எந்தப் பக்கமும் சாராத, மதிப்புள்ள இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முழுவதும் உடனிருக்கலாம். எடுத்த பொருள்களின் பட்டியலை அங்கேயே எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டுக்காரருக்குத் தர வேண்டும். ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியம் காத்துச் செய்ய வேண்டும். இது 103-ஆம் பிரிவு. 1898-இல் சாட்சிகளைப் பற்றிப் பேசிய பிரிவுக்கும் 103 என்பதே எண். இடையில் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 ஆகி, இப்போது பழைய எண்ணுக்கே திரும்பியிருக்கிறது.

புதிதாக வந்திருப்பது 105-ஆம் பிரிவு. சோதனையையும் கைப்பற்றலையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது உட்பட, வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். செல்போனில் எடுத்தாலும் போதும். அந்தப் பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

விதிகள் நன்றாக இருக்கின்றன, மீறினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இங்கேதான் ஓர் ஓட்டை. 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த சான்றைத் தள்ளிவிட முடியாது என்றது. போதைப்பொருள் வழக்குகளில் ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு மட்டும் கண்டிப்பான விதி உண்டு. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் முன்போ மாஜிஸ்திரேட்டின் முன்போ சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சோதனையை நம்பிக் கொடுத்த தண்டனை நிற்காது என்பது 1999-இன் பல்தேவ் சிங் தீர்ப்பு. மற்ற வழக்குகளில், முறை தவறிய சோதனையை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும், அவ்வளவுதான். வருஷக் கணக்கில் கழித்து நீதிமன்றம் சந்தேகப்படும் என்பது, சோதனை நடக்கும் அன்று யாருக்கும் உதவாது. அன்று உதவக்கூடியவர், அறையில் நின்று கண்ணால் பார்க்கும் சாட்சி.

கையெழுத்துப் போடலாமா?

நம் உறுப்பினரின் கேள்விக்கு வருகிறேன். போகலாம் என்பதே என் பதில்.

கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது. நீதிமன்றம் தனியாகச் சம்மன் அனுப்பினால் ஒழிய மகஜர் சாட்சி போக வேண்டியதில்லை. எழுத்தில் உத்தரவு தந்து கூப்பிட்ட பிறகு நியாயமான காரணமின்றி மறுத்தால் அது குற்றமாகும். இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கூப்பிட்டபோது முட்டி வலி என்று சொன்ன நம் நண்பர் கவலைப்பட வேண்டாம்.

போனால் எப்படி நிற்க வேண்டும்? போலீஸ் நுழையும்போதே கூடப் போங்கள். எல்லாம் முடிந்த பிறகு வாசலில் வைத்து நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கண்ணால் பாருங்கள். பட்டியலைப் படித்துப் பார்த்து, அதிலுள்ள பொருளும் எண்ணிக்கையும் சரியா என்று ஒப்பிடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். வீட்டுக்காரருக்கு நகல் தந்தார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான போலீஸ் அதிகாரிக்கு நீங்கள் தடையல்ல, துணைதான். பொருளை நீங்களே கொண்டுவந்து வைத்தீர்கள் என்று நாளை யாரும் அவர்மீது பழி போட முடியாது.

நாம் கதவைச் சாத்திக்கொண்டால் சோதனை நின்றுவிடாது. பக்கத்துத் தெருவிலிருந்தோ ஸ்டேஷனுக்குப் பழக்கப்பட்டவர்களிலிருந்தோ இரண்டு பேர் வருவார்கள். அந்த வீட்டுப் பையனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் யாரும் அந்த அறையில் இருக்கமாட்டார்கள்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், கிணற்று ஜாடிக் கதையையும், துணிந்து கையெழுத்துப் போட்ட ஐந்து பேரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தச் சட்டப் பிரிவுகளை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு வீட்டுக்கு ஒன்று தரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் செயலாளரிடம் சொல்லுங்கள். முட்டி வலிக்கார நண்பரே, தாளைக் கொண்டுவந்து தரும்போது கதவைத் திறப்பீர்கள் என்று நம்புகிறேன்.